மாதா காவலில் ஒரு கொலைக்கதை

தவக்காலம் வந்தால் பாலக்கரையில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவோம். அப்பா டீயை விடுவார், நான் மிட்டாயை. அந்த வருஷம் அம்மா மர்ம நாவலை விட்டார். அவருக்கு அதைவிடப் பெரிய ஒறுத்தல் கிடையாது. அவருக்குப் பிடித்த எழுத்தாளரின் நாவல் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்த அன்றே தீர்ந்துபோகும். எப்படியாவது அடித்துப்பிடித்து ஒன்று வாங்கி வந்துவிடுவார்.

சங்கடம் என்னவென்றால், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் விடிந்தபோது அம்மாவுக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. எஸ்டேட் முதலாளியைக் கொன்றது யார் என்று தெரியவில்லை. கோயிலிலிருந்து நெற்றிச் சாம்பலோடு வந்தவர், புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்து, ஈஸ்டர் வரைக்கும் கண்ணில் காட்டாதீர்கள் என்றார். அப்பா அதை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அப்பாவுக்குக் கைலாசபுரம் பக்கம் தொழிற்சாலை வேலை. வந்தால் சாப்பிடுவார், படுப்பார். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அன்று ஜெபமாலை முடிந்ததும் அம்மா மனசு தாளாமல் அவரிடம் கதையைச் சொல்லிவிட்டார். படிப்பதைத்தானே விட்டேன், பேசுவதையா விட்டேன் என்பது அவர் கட்சி. மறுநாள் சாப்பிடும்போது அப்பாவே ஆரம்பித்தார்.

"மழையில நடந்து வந்த டாக்டருக்குச் செருப்பு மட்டும் எப்படிக் காஞ்சிருக்கும்?"

அம்மா தோசைத் திருப்பியும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, எனக்கு இது தோணவே இல்லையே."

அதிலிருந்து தினமும் எங்கள் வீட்டில் விசாரணை. அம்மா மருமகனைப் பிடிப்பார், அப்பா டாக்டரை விடமாட்டார். நான் சமையல்காரனைச் சொன்னால், பாவம் நல்லவன் என்று இருவரும் சேர்ந்து விடுதலை செய்துவிடுவார்கள். சில நாள் அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கோ ஈஸ்டர் எப்போது வரும் என்றிருந்தது.

வந்தது. பூசை முடிந்து வந்ததும், பிரியாணிக்கு அரிசிகூடக் களையாமல் அம்மா சத்தமாகப் படித்தார். கொன்றது, முதலாளியின், சிங்கப்பூரிலிருந்து வந்த இரட்டைப் பிறவித் தம்பியாம். அதுவரை கதையில் அப்படி ஒரு ஆளே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்று அம்மா புத்தகத்தை மூடினார்.

"டாக்டரோட செருப்ப மறந்துட்டானே எழுதின மனுஷன்" என்றார் அப்பா, நிஜமான வருத்தத்தோடு.

அடுத்த வருஷம் சாம்பல் புதனன்று, அதே எழுத்தாளரின் புது நாவலை அம்மா அப்பாவிடம் நீட்டினார். கடைசி அத்தியாயத்தை வேண்டுமென்றே படிக்காமல் வைத்திருந்தார்.

"இந்த ஆளு திரும்பவும் ஏமாத்துவாரும்மா" என்றேன்.

"ஏமாத்தட்டும்."

அப்பா புத்தகத்தைச் சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, இந்தத் தடவ செத்தது யாரு?"

பட்டும் திருந்தாதவர்களாக இருக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆற்றாமை. இவர்களுக்கு நல்ல புத்தி கொடுங்கள் தாயே என்று ஜெபமாலையில் உருகி வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, மாதா அந்த வேண்டுதலைக் கேட்கவே இல்லை.