கையெழுத்தில்லாத கல்யாணத்துக்கு முத்திரை வாங்கிய கதை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, ஒரே ஒரு முத்திரைக்காக லீவு முழுவதையும் தொலைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது 1973இல் நடந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தந்தி வர, மூன்று வயது மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா தேறிவிட்டார். ஆனால் நான் திரும்பிப் போகும் அனுமதி தீரப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அடுத்த கப்பலோ அதற்குப் பிறகுதான். அதைப் புதுப்பிக்க, திருமணப் பதிவில் இங்குள்ள அதிகாரியின் முத்திரை வேண்டும். அது கிடைக்காவிட்டால் பிள்ளை அங்கே, நான் இங்கே.

காலை 6.15 பஸ். பொன்னேரிக்கு 19 கிலோமீட்டர், 75 பைசா. அங்கிருந்து செங்குன்றம் வழியாகத் திருவள்ளூர்; அதிகாரியின் அலுவலகம் அங்கேதான். "இன்னாம்மா, தனியாவா போற?" என்று கேட்ட கண்டக்டரிடம், "டிக்கெட் ஒன்னுதானே கேட்டேன்" என்றேன். ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

பத்து மணிக்குப் போனவளை ஒன்றரைக்குத்தான் அதிகாரி கூப்பிட்டார். பள்ளிவாசல் ஜமாஅத் கொடுத்த திருமணப் பதிவின் நகலைப் புரட்டிவிட்டு, "பொண்ணு கையெழுத்தே காணோமே?" என்றார். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும், பெண் வீட்டில் இருப்பாள். வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பானவர், சாட்சிகளோடு வந்து சம்மதம் கேட்டுப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திடுவார். வாப்பா காலமாகிவிட்டதால் எனக்கு வலி என் அண்ணன். எவ்வளவு விளக்கியும், "பதிவேட்டை எடுத்துக்கினு, கையெழுத்து போட்ட ஆளையும் கூட்டிக்கினு வா" என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் போயிற்று.

மறுநாள் பொன்னேரியில் ரயிலேறி, 13 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. அண்ணனுக்கு அங்கே புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலை. "ஷிப்ட் முடியாம கூப்பிட முடியாது. லேடீஸ் இங்க நின்னா பேஜாரும்மா" என்றார் கேட் காவலாளி. யாருக்குப் பேஜார் என்று கேட்டுவிட்டு, பதினொன்றிலிருந்து இரண்டு வரை அந்த வெயிலிலேயே நின்றேன். வெளியே வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னோடு ஊருக்கு வந்து ஜமாஅத்தில் பதிவேட்டை வாங்கினார்.

மூன்றாம் நாள் திருவள்ளூர் பஸ்ஸில் அண்ணன் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். "இங்க எடம் கீது. பழைய தேதி போட்டு நீயே ஒரு கையெழுத்து போட்டுடு. எவன் பாக்கப் போறான்?"

"அன்னிக்கு யாரும் என் கையெழுத்தக் கேக்கலண்ணே. இன்னிக்குத் திருட்டுத்தனமா போடமாட்டேன்."

"புள்ளய நெனச்சுப் பாரும்மா!"

நினைக்காமலா? இரவெல்லாம் அந்த நினைப்புதான். ஆனால் நடந்த கல்யாணத்தைப் பொய்யால் முட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதிகாரி பதிவேட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ போட்ட கையெழுத்து சரிப்பா. பொண்ணு ஒத்துக்கிச்சுன்னு எப்படி நம்பறது?"

"ஒத்துக்கினவ நான்தான் சார். எதிர்லயே நிக்கறேன். என்னையே கேளுங்க."

"ரூல்ஸ்னு ஒன்னு கீதும்மா."

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை ஜமாஅத்துல படிக்கச் சொல்றேன்."

எழுதிக் கொடுக்க அதிகாரிக்குத் தைரியமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு முத்திரையைக் குத்தினார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

இனி அலையப் போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அசலையும் எடுத்துப் போங்கள். முடியாது என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பலர், எழுத்தில் மறுப்பவர்கள் குறைவு.

ஒரு பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த காகிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க, குமாஸ்தா நோட்டையும் பேனாவையும் அண்ணனிடம்தான் நீட்டினார். "பாய், இந்தம்மாவுக்காக நீங்க போட்டுடுங்க." நோட்டை இழுத்து, என் பேனாவால் என் பெயரை முழுசாக எழுதினேன். கோடு போதவில்லை, பக்கத்துக் கட்டத்தையும் எடுத்துக்கொண்டேன்.