முதல் வகை அருவி

சுற்றுலா அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘வகை சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. ஓர் இடம் எந்த வகை என்று முடிவு செய்வதே அவர் வேலை. இயற்கை தந்தது முதல் வகை. வேறு எதற்கோ கட்டி, இப்போது வேடிக்கை பார்க்கப் போவது இரண்டாம் வகை: கோட்டை, பழைய சிறைச்சாலை, கலங்கரை விளக்கம். வேடிக்கைக்கென்றே கட்டியது மூன்றாம் வகை: கேளிக்கைப் பூங்கா, மெழுகுச் சிலைக் கூடம். கண்காட்சி மாதிரி கூடிக் கலைவது நான்காவது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களை இப்படிப் பிரித்து அவர் எழுதிய கையேடு மூன்று பதிப்பு கண்டுவிட்டது. பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

எழுதியவர் மட்டும் எங்கும் போனதில்லை. பேருந்தில் ஏறினால் அவருக்குக் குமட்டும். நேரில் போகிறவன் அழகில் மயங்கிவிடுவான், விலகி நிற்பவனுக்கே வகை தெரியும் என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். குமட்டலுக்கு இத்தனை கம்பீரமான காரணம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. இடத்துக்காரர்கள் படிவத்தை நிரப்பிப் புகைப்படத்தோடு அனுப்புவார்கள். அவர் நாற்காலியை விட்டு எழாமல் முத்திரை குத்துவார்.

அவருக்கு ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அவளுடைய சமூக அறிவியல் விடைத்தாளில் ஒரு நாள் சிவப்புச் சுழி இருந்தது. மலையடிவாரக் கேளிக்கைப் பூங்காவை ஒட்டி விழும் அருவி எந்த வகை என்பது கேள்வி. மூன்றாவது என்று எழுதியிருந்தாள். கூடப் படிக்கிறவளின் அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறாளாம், மோட்டார் போட்டால்தான் அருவி விழுமாம். வகை சாருக்கு மானம் போன மாதிரி இருந்தது. கையேட்டைக் கொண்டுவந்து பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

“நாலு பேர் நாலு சொல்லுவாங்க. அச்சுல என்ன இருக்குன்னு பாரு.”

‘அருவி முதல் வகை’ என்று இருபது தடவை எழுதச் சொன்னார். அவளும் எழுதினாள், ஓர் எழுத்துகூடச் சாயாமல்.

அந்த மாதமே மனைவியின் தம்பி கார் வாங்கினான். முன் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டாது என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து வகை சாரை அமுக்கிப்போட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே போனதும் அவருக்குக் கொண்டாட்டம். ராட்டினத்தை மூன்றாம் வகை என்றார், பேய் வீட்டை அதில் ஓர் உட்பிரிவு என்றார். அருவிக்கு முன்னால் வந்ததும் குரலே மாறிவிட்டது. “இங்க நிஜம்னு சொன்னா இது ஒண்ணுதான்” என்று மைத்துனனிடம் சொன்னார். மகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தரைக்கு எங்கோ ஒரு விசில் கேட்டது. அருவி இளைத்தது, நூலாயிற்று, சொட்டிற்று, நின்றது. பின்னால் சிமெண்டுச் சுவர். அதன் உச்சியில், வரிசையாக ஓட்டை போட்ட குழாய். பாறைக்குள் ஒரு கதவு திறந்தது. நீலச் சீருடையில் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அத்தான், இயற்கைக்கு டூட்டி முடிஞ்சிடுச்சு போல” என்றான் மைத்துனன்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழை ஒன்றோடு போயிருக்கும். வகை சார் சொன்னார்: “பராமரிப்பு வேலை நடக்குது. மேல தண்ணிய வேற பக்கம் திருப்பி விட்டிருப்பாங்க.”

சீருடைக்காரி அவரைப் பார்த்தாள், பிறகு தன் மகளின் தோழியை அடையாளம் கண்டுகொண்டு அவளைப் பார்த்தாள். எல்லோர் கண்ணும் சிறுமியின் மேல் திரும்பியது.

“ஆமா மாமா” என்றாள் அவள். “பராமரிப்புதான்.”

அதற்குப் பிறகு வகை சாருக்கு முன் சீட்டிலும் குமட்டியது. உண்மையைச் சொன்னதற்கு இருபது வரி எழுத வைத்தவர் அவர். அவர் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் யாரும் கேட்காமல். காரில் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கோப்பை எடுத்துப் பார்த்தார். யாரும் ஏமாற்றியிருக்கவில்லை. ‘தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்பது அவரே தயாரித்த கேள்வி. பூங்காக்காரர்கள் ‘மேலிருந்து’ என்று உண்மையாகவே பதில் எழுதியிருந்தார்கள். மேலே யார் ஏற்றினார்கள் என்று கேட்கப் படிவத்தில் இடம் இல்லை. விஷயத்தைக் கேட்ட மேலதிகாரி, பதினோரு வருஷமாக விழுகிற அருவி, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் பெயர் கெடவேண்டாம் என்று நல்லவிதமாகவே சொன்னார். வகை சார் தலையாட்டிவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

ஆசிரியர்கள் அறையில் ஆறேழு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். மகளையும் அங்கே அழைத்திருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாமா என்று யோசித்தார். கேட்கவில்லை.

“என் பொண்ணு எழுதினதுதான் டீச்சர் சரி. அந்த அருவி மோட்டார்ல ஓடுது.”

“புத்தகத்துல முதல் வகைன்னுதானே சார் போட்டிருக்கு?”

“புத்தகத்துக்கு எழுதிக் குடுத்தவனே நான்தான்.”

திருத்திக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. ஆசிரியை சங்கடப்பட்டுப்போய், புத்தகம் மாறாமல் மதிப்பெண்ணை மாற்ற முடியாதே என்றார். ஒரு மார்க்தானே சார் என்றும் சேர்த்துக்கொண்டார். மார்க்குக்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், எதற்காக வந்தார் என்பதை அத்தனை பேருக்கு முன்னால் சொல்லத் தெரியாமல் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். பள்ளி விடும் மணியடித்துவிட்டதால் மகளும் கூடவே வந்தாள்.

தெருமுனையில் அவர் நடையைத் தளர்த்தினார்.

“அன்னிக்கு மாமாகிட்ட நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்மா” என்றார். “நானும் சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்:

“மத்த எடமெல்லாம் நேர்ல பாத்துத்தானேப்பா போட்டீங்க?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கம்.

“இல்லம்மா.”

“ஒண்ணு கூடவா?”

“இந்த அருவி ஒண்ணுதான். அதுவும் உங்க மாமா கார் வாங்கினதால.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவரைப் பார்க்காமல் நடந்தாள். மகளோடு ஒட்டி நடப்பதா, இரண்டடி பின்னால் வருவதா என்று தெரியாமல், வகை சார் வீடு வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனார்.