கிரைண்டர் ஓடாத பின்னேரம்

சண்டிலிப்பாய்ச் சந்தியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கடையில் வாங்க எனக்கு ஒன்றும் இல்லை. நான் காவலுக்கு இருக்கும் கனடாக்காரர் வீட்டின் கேற்றடியில் ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்து நிற்கிறார்கள்.

"ஐயா, பக்கத்து வீட்டுப் பெடியன் எப்பிடி? எங்கடை மகளுக்குப் பேசியிருக்கினம்" என்று கேட்டார்கள். இந்தக் காலத்தில் யார் நேரில் வந்து விசாரிக்கிறார்கள்? கேற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். பிறகு, "பொறுங்கோ, சந்திக் கடைக்குப் போட்டு வாறன்" என்று புறப்பட்டுவிட்டேன். நல்ல பெடியன்தான். உழைப்பாளி. கண்டால் சிரிப்பான். ஆனால் அவன் தாயோடு கதைக்கிற விதம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. ஒருமுறை ஏதோ பாத்திரம் விழுந்த சத்தமும், பிறகு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுத சத்தமும் கேட்டன. அதைச் சொல்வதா, விடுவதா?

முகத்து வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினால் உள்ளங்கையில் துருவின் மணம். கேற்றுக் கம்பி தந்தது. மற்றவர்களுக்கு அது துரு. எனக்கு அது சலீம் நானாவின் பழைய இரும்புக்கடை.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து லொறிகள் ஓடத் தொடங்கிய காலம். நானா புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, யாழ்ப்பாணம் டவுனுக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் பழைய இரும்பு வாங்கி விற்றார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் அவரும் ஊரைவிட்டு அனுப்பப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். நான் திரும்பச் சொல்லவில்லை. என்னைவிட நாலைந்து வயது கூடியிருக்கும். முன்கோபி. வேலைக்காரனைப் புகழ்ந்தால் அவன் கெட்டுப்போவான் என்று நினைக்கிறவர். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் மீன் துண்டைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவார். நான் அதற்கு முன்பு பேக்கரி, அரிசி ஆலை, ஐஸ் கம்பெனி, இன்னும் எங்கெல்லாமோ வேலைக்கு நின்று, பிறகு விட்டுப் போனவன். பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் பாதியில் விட்டேன்.

நானாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் ஊர்க்கதை தொடங்கினால், அந்த இடத்தில் இல்லாத ஒருவரின் குறை வாயில் வந்தால், உடனே இரும்பு வெட்டும் கிரைண்டரைப் போட்டுவிடுவார். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு கம்பியை எடுத்து வெட்டுவார். கதை சொல்லுகிறவரின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசையும். பிறகு அதுவும் நிற்கும்.

எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருந்த துரையண்ணை ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "நானா, உங்கடை பழைய வீட்டுக் கதவு நிலையெல்லாம் கழட்டிக்கொண்டு போனவன் ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். நானா எழும்பினார். நான், இன்றைக்கென்றாலும் பேரைக் கேட்பார் என்று பார்த்தேன். கிரைண்டர் போட்டார்.

துரையண்ணை போனபின் நான் விடவில்லை. "உண்மையைத்தானே சொல்ல வந்தவர்?"

"உண்மையாயிருந்தாத்தான் அதுக்குப் பேர் புறம். பொய்யெண்டா அவதூறு. ரெண்டும் கூடாது."

"அப்ப ஊரிலை என்னத்தைத்தான் கதைக்கிறது?"

"அவன் இங்க இல்லை, தம்பி. இல்லாதவனை வாயால அடிச்சா அவன் எப்பிடித் தடுக்கிறது?"

நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவன். அவர் மார்க்கத்துச் சட்டம் எனக்குத் தெரியாது. கடையில் காதில் விழுந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்; பிழையும் இருக்கலாம். ஒருமுறை லொறிக்காரன் பிந்தி வந்ததற்கு அவன் இல்லாத நேரத்தில் நானாவே வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டார். அடுத்த நாள் அவனிடம் மாப்புக் கேட்கப் போனார். லொறிக்காரனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. "என்ன சொன்னனீங்கள்? சொல்லுங்கோ, என்ன சொன்னனீங்கள்?" என்று அவன் நாள் முழுக்கச் சண்டை பிடித்தான். நான் சிரித்துச் சிரித்து இரும்புக் குவியலில் சாய்ந்து முதுகைக் கிழித்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆளின் கடையில் நிற்கிறோம் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எல்லா இடத்திலும் ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். இங்கே சொல்ல மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கோப்பாயில் இருந்த அக்கா எனக்கு நீர்வேலியில் ஒரு சம்பந்தம் பார்த்தா. கோயிலடியில் வைத்துப் பெண்பிள்ளையைக் காட்டினார்கள். பெயர் மாலதி. அக்கா ஏதோ பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் அவ என் கையைப் பார்த்து, "உது இரும்பு வெட்டினதோ? மருந்து போட்டனீங்களோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். அன்றைக்குச் சைக்கிளில் திரும்பி வரும்போது, இனி ஓரிடத்தில் நிற்பது என்று எனக்குள் முடிவு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வந்த முடிவு. அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

விசாரிக்க ஆள் வரும் என்று தெரிந்து அக்கா ஊரைத் தயார்படுத்தினா. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்யலாம் என்பது எங்கள் வழக்கம். துரையண்ணை தன் பங்குக்கு என்னை இரும்புக்கடையின் பங்குதாரர் ஆக்கிவிட்டார். நானாவிடம் மட்டும் அக்கா போகவில்லை. "அந்த மனிசன் ஆரைப் பற்றியும் வாய் திறக்காது. பயமில்லை" என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாலதியின் தமையன் கேதீஸ்வரன் ஒரு பின்னேரம் வந்தான். தண்ணீர் இறைக்கும் மெசினுக்குச் சாமான் தேடுகிறவன் போலக் குவியலைக் கிளறினான். விசாரிக்க வருகிறவர்கள் எப்போதும் ஏதாவது வாங்க வருவார்கள். நான் தகரத் தட்டிக்குப் பின்னால் செப்புக் கம்பி உரித்துக்கொண்டிருந்தேன். என்னை அவன் காணவில்லை.

"நானா, உங்களிட்டை நிக்கிற பெடியன் எப்பிடி? தங்கச்சிக்குப் பேசுகினம். பங்குதாரர் எண்டு முன்கடையிலை சொல்லிச்சினம்."

நான் கிரைண்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

"பங்கில்லை, தம்பி. சம்பளத்துக்கு நிக்கிறார்." நானாவின் குரல் மெதுவாக வந்தது. "கை சுத்தம். கடைப் பூட்டுத் திறப்பை அவரிட்டக் குடுத்திட்டுத்தான் நான் புத்தளம் போறது. வேலைக்குப் பஞ்சிப்படமாட்டார். ஆனா ஒரு இடத்தில நிக்கிற ஆளில்லை. என்னட்ட வர முதல் கனக்க இடத்தில நிண்டு விட்டிட்டு வந்தவர். ஒரு நாளைக்கு இங்கயிருந்தும் போயிடுவார். கடைக்கு அது பெரிய காரியமில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு…" அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

கேதீஸ்வரன் போனபின் நான் வெளியே வந்தேன். உரித்த கம்பியைக் குவியலில் எறிந்தேன்.

"கதவு களவெடுத்தவனைக் காப்பாத்தினியள். எனக்கு மட்டும் புறமில்லையோ?"

"கேட்டு வந்திருக்கிறான். தங்கச்சியின்ர வாழ்க்கையைப் பற்றி என்னை நம்பிக் கேக்கிறான். அது அமானத், நம்பி ஒப்படைச்ச பொறுப்பு, தம்பி. மறைச்சா மோசடி. இந்த இடத்தில சொல்லத்தான் வேணும்."

"அப்ப நான் முந்திக் குடிச்ச கதையையும் சொல்லியிருக்கலாமே!"

"அதை நீ விட்டிட்டாய். விட்டதை ஏன் சொல்ல? அவனுக்குத் தேவையானதை மட்டுந்தான் சொன்னன்."

"நான் நிக்க முடிவெடுத்திட்டன், நானா."

அவர் என்னைப் பார்த்தார். முகம் ஒருமாதிரிப் போயிற்று. "அதை எனக்குச் சொன்னியோ?"

சொல்லவில்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "மாப்புக் கேளுங்கோ" என்றேன். லொறிக்காரனிடம் கேட்ட மனிதர்தானே.

"தப்பெண்டாக் கேட்டிருப்பன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சரியைச் செய்தவர் ஏன் கலங்கவேண்டும்?

கடைத் திறப்பை மேசையில் போட்டுவிட்டு நடந்தேன். சைக்கிளை எடுக்கவும் மறந்துபோனேன். கோப்பாய்க்குக் கிட்ட வந்தபோதுதான் உறைத்தது: நிற்கமாட்டான் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு, நிற்காமல் வந்திருக்கிறேன்.

நானாவின் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு என்று நானா திரும்பவும் புத்தளத்துக்கே போய்விட்டார். பழைய இரும்பைப் பொறுக்கிக்கொண்டு மெல்ல விசாரிக்க வருகிற தமையன்மாரும் இல்லை. போனில் படத்தைப் பார்த்து முடிக்கிறார்கள். ஆயிரம் பொய் இப்போது ஒருவரையும் கேளாமலே சொல்லப்படுகிறது. துரையண்ணை சொன்னது நல்ல மனதோடு. நானா சொன்னதும் நல்ல மனதோடு. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், நான் சந்திக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு நடக்கிற ஆள்.

சந்தி வந்துவிட்டது. பேக்கரி வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகு வந்த வழியே திரும்பினேன். அவர்கள் இன்னும் நின்றால் தாயின் அழுகையைச் சொல்லவேண்டும் என்று கால் சொல்கிறது. வாய் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லோடு நிறுத்துவது? நானாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நடக்க நடக்க, நானாவின் கடையை விட்டு வந்த மறுநாள் காலைதான் ஞாபகம் வருகிறது. அக்கா வீட்டுப் படலையில் கேதீஸ்வரன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். பின் கரியரில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, கலியாணம் சரிவராது" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "உங்களைப் பற்றி நான் கனபேரிட்டைக் கேட்டனான். எல்லாரும் தங்கம் எண்டுதான் சொன்னவை. அந்த நானா சொன்னதை மட்டுந்தான் என்னாலை நம்பக்கூடியதாயிருந்தது. எனக்குத் தோட்டத்திலை குலை வெட்டி ஏத்த ஒராள் வேணும். கை சுத்தமான ஆள்."

"நான் நிக்கமாட்டன் எண்டும் சொன்னவரே?"

"ஓம். நிக்கிற மட்டும் நில்லுங்கோவன்."

உடுப்பை மாற்றிக்கொண்டு, அவனோடு நீர்வேலிக்கு வாழைக்குலை வெட்டப் போனேன்.