சிப்பாய் தப்பித்த நாள்

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அமிர்தத்துக்குப் பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் இறந்த வருஷம், மழைக்கு வண்டியடியில் வந்து ஒண்டிய நாய்க்குட்டிக்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தாள். அப்புறம் அதுதான் அவளுக்கு எல்லாம்.

அது வளர்ந்து நின்றபோது, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யப் பிடித்துப்போகும் வண்டி வந்தது. வலையில் சிப்பாய் அலறியதைக் கேட்டு, இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே போட்டுவிட்டு ஓடினாள். யாருடைய வெள்ளைச் சட்டையோ தீய்ந்தே போனது.

"ஐயா, புள்ள மாதிரி வளக்குறேங்க. கத்தி வைக்காதீங்க."

வலைக்காரர் குனிந்து பார்த்தார். "ஆபரேஷன் பண்ணின நாய்க்குக் காதுல வெட்டு அடையாளம் இருக்கும், இதுக்கு இல்லியே... ஆனா விதையக் காணோம். யாரோ ஏற்கெனவே பண்ணிட்டாங்கம்மா. கூட்டிட்டுப் போங்க."

யாரும் பண்ணவில்லை. குட்டியிலிருந்தே அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறப்பாளா? அன்று சாயங்காலமே சமயபுரத்தாளுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

சில வருஷம் கழித்துத் தெருவின் ஆண் நாய்களெல்லாம் சிப்பாய் பின்னால் அலைய ஆரம்பித்தன. அதன் மார்க்காம்புகள் தடித்தன, இடுப்பில் முடி கொட்டியது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. "அக்கா, சிப்பாய்க்கு வளைகாப்பு எப்ப?" என்பார் பக்கத்து வீட்டு பெஞ்சமின். அமிர்தமும் சிரிப்பாள். ஒருநாள் அதன் கழுத்தில் மல்லிகைச் சரம்கூடக் கட்டிவிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, பாவம்.

சோறு இறங்காமல் போனபிறகுதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "ஆண் நாய்தாம்மா. பிறவியிலேயே விதை ரெண்டும் எறங்காம வயித்துக்குள்ள தங்கிடுச்சு. கூடவே சின்னதா கர்ப்பப்பையும் இருக்கு. அந்த விதையில புத்துநோய் வந்துதான் பொட்டை மாதிரி ஆயிருக்கு. இப்ப எல்லா எடத்துக்கும் பரவிடுச்சு. சின்னதுலயே வயித்தத் தொறந்து எடுத்திருந்தா பொழச்சிருக்கும். அப்ப கருத்தடைக்கு யாரும் பிடிச்சுட்டுப் போகலியா?"

"வந்தாங்கம்மா. நான்தான் விடச் சொன்னேன்."

அந்த வாரமே, வண்டியடியிலேயே சிப்பாய் செத்துப்போனது. "நீ நோவுல நின்ன, நான் பூ வச்சேனேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் அமிர்தம். பெஞ்சமின் குழி தோண்டிக்கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

அடுத்த தடவை நாய் வண்டி வந்தபோது, தெரு ஜனங்கள் வழக்கம்போல நாய்களை விரட்டி ஒளித்தார்கள். அமிர்தம் மட்டும், புதிதாக வண்டியடியில் ஒண்டியிருந்த இளநாயைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். வலைக்காரர் அதன் அடிவயிற்றைப் பார்க்கக் குனிந்தார்.

"பாக்காதீங்க," என்று கத்தினாள். "அங்க ஒண்ணும் இல்லேன்னாலும் கொண்டு போங்க."