லெமுவல் ஸ்டிகால் இரண்டு முறை போட்ட ஓட்டு

கென்டக்கி மலையடிவாரத்தில் லெமுவல் ஸ்டிகால் இருபது வருஷம் வக்கீலாக இருந்தார். கட்சிக்காரர்கள் பீஸுக்குப் பதில் பன்றித் தொடையும் சோளமாவும் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு வருஷம் சட்டசபைக்குப் போய், கோர்ட்டுக்குள் பன்றிகள் நுழையக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். பன்றிகள் அதைப் படிக்கவில்லை. பிறகு ஜட்ஜ் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எதற்காகப் பிறந்தோம் என்று அவருக்குப் புரிந்தது. அதை மனைவி டார்க்கஸிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அங்கே ஜட்ஜையும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1854 ஆகஸ்டில் அந்த நாற்காலிக்கு ஹோரஸ் டில்லார்ட் என்ற வக்கீல் போட்டிக்கு வந்தார்.

அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டு கிடையாது. ஷெரீப் கேட்பார், வந்தவன் உரக்கப் பெயரைச் சொல்வான், எழுத்தர் எழுதிக்கொள்வார். அந்தப் பெயருக்கு உரியவர் பெஞ்சிலிருந்து எழுந்து, தொப்பியைக் கழற்றி நன்றி சொல்வார். வேட்பாளர் தன் ஓட்டை எதிராளிக்குத்தான் போடுவார். தன் பெயரைத் தானே சொல்வது, விருந்தில் பெரிய இறைச்சித் துண்டைத் தன் தட்டில் தானே வைத்துக்கொள்வதற்குச் சமம்.

லெமுவல் காலையிலேயே "ஹோரஸ் டில்லார்ட்" என்று சொல்லிவிட்டார். டில்லார்ட் எழுந்து நன்றி சொன்னார்.

சாயங்காலம் ஆளுக்கு முந்நூற்றாறு ஓட்டு. பாக்கி டில்லார்ட் ஒருவர்தான். லெமுவலின் நண்பர்கள் விஸ்கி ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். லெமுவலும் நன்றி சொல்லத் தொப்பியைக் கையில் எடுத்துப் பாதி எழுந்துவிட்டார்.

"ஹோரஸ் டில்லார்ட்" என்றார் டில்லார்ட்.

எழுத்தர் நிமிர்ந்தார். "யாருன்னீங்க?"

"காது நல்லாத்தானே இருக்கு? எழுதுய்யா."

பிறகு தொப்பியைக் கழற்றித் தனக்கே நன்றியும் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் டார்க்கஸ் பிடித்துக்கொண்டாள். "உங்க பேர உங்க வாயால சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"அழுகாது. அதுக்காக, ஊர் முன்னாடி சொல்றதா?"

லெமுவல் அன்று சாப்பிடவில்லை. நாலு வருஷம் அதே நாற்காலிக்கு முன்னால் வக்கீலாக நின்று டில்லார்ட்டை "கனம் ஜட்ஜ் அவர்களே" என்று கூப்பிட்டார்.

1858-லும் அதே இருவர். வண்டி ஏறும்போது டார்க்கஸ் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏங்க, இந்தத் தடவையாவது உங்க பேரச் சொல்லுங்க. இன்னொரு நாலு வருஷம் உங்க மூஞ்சியப் பாக்க என்னால ஆகாது."

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அன்று முதல் ஆளாக டில்லார்ட் வந்து தன் பெயரைச் சொன்னார், நன்றியும் சொல்லிக்கொண்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. ஓட்டுக்காக டில்லார்ட் ஊற்றிய விஸ்கியைக் குடித்தவர்கள்கூட, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டிகால் என்றார்கள். லெமுவலுக்கு நாள் முழுக்க எழுந்து எழுந்து முழங்கால் வலி கண்டது. டில்லார்ட் பெஞ்சைவிட்டு அசையவில்லை.

கடைசியாக ஷெரீப் லெமுவலைப் பார்த்தார். "யாருக்கு, ஐயா?"

லெமுவலுக்குத் தன் பெயர் தொண்டைவரை வந்தது.

"ஹோரஸ் டில்லார்ட்" என்றார்.

டில்லார்ட் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு முறை தனக்குத்தானே சுலபமாகச் சொல்லிக்கொண்ட நன்றி இப்போது வாயில் வரவில்லை. அப்படியே நின்றார்.

எழுத்தர் எழுதினார்: டில்லார்ட், இரண்டு.