படத்துக்காக மூட்டிய அடுப்பு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் கடைசி வீடு ஹாஜிரா பீ வீடு. வீட்டுக்காரர் இனாயத் மவுத்தாகி ஐந்து வருஷம். ஒரே மகன் ஆசிஃப் துபாயில். அவன் வாங்கிக் கொடுத்த கரண்ட் அடுப்பில்தான் அவளுக்குச் சமையல். ஒருத்திக்கு என்ன பெரிய சமையல்! ஒரு கை அரிசி.

ஆசிஃப் போன் பண்ணுவது பெருநாளுக்குப் பெருநாள். அவனை நல்லா வை அல்லாஹ் என்று அஞ்சு வேளையும் கையேந்துவாள். அவன் குரலைக் கேட்கணும் என்றும் கூடவே கேட்டுவிடுவாள்.

ஒரு நாள் டெல்பின் என்ற பெண் காமிராக்காரரோடு வந்தாள். யார் வீட்டில் எதை எரித்துச் சமைக்கிறார்கள், காற்று எப்படிக் கெடுகிறது என்று படம் எடுக்கிறார்களாம்.

"எல்லா ஜனமும் படத்துல வரணும் ஆன்ட்டி. அடையாறுல சோலார் வச்ச வீடு எடுத்தாச்சு. முஸ்லிம் வீடுதான் பாக்கி."

ஹாஜிரா பீ கரண்ட் அடுப்பைத் துடைத்துக் காட்டினாள். "எம்புள்ள வாங்கிக் குடுத்தது. புகையே கிடையாது."

டெல்பினின் கண் கொல்லையில் இருந்த மூணு கல்லுக்குப் போனது. "அது என்ன?"

"வீட்டுக்காரர் மவுத்தான நாள்ல ஓதுற பாத்தியாவுக்கும்மா. வருஷத்துல ஒரு நாள் அதுல நெய்ச்சோறு ஆக்கிச் சந்துக்கெல்லாம் குடுப்பேன்."

"இப்ப ஒருவாட்டி மூட்டுங்களேன், ப்ளீஸ்!"

வீடு தேடி வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டும் நாளாகியிருந்தது. மூட்டினாள். கட்டை ஈரம். புகை சுருட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே காமிராவிடம், "ஆசிஃப், அம்மா நல்லா இருக்கேன்ப்பா. உன் அடுப்புலதான் ஆக்குறேன்" என்றாள்.

படம் வந்ததும் பக்கத்து வீட்டு ருக்சார் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாக்கா, ஸ்டாராயிட்ட! மூஞ்சியவிட பொகதான் ஜாஸ்தி கீது!"

அடையாறு அம்மாவுக்குப் பேரும் போட்டு, பேசவும் விட்டிருந்தார்கள். ஹாஜிரா பீக்குப் பேரும் இல்லை, பேச்சும் இல்லை. இருமல் மட்டும் இருந்தது. யாரோ ஓர் ஆம்பிளைக் குரல், 'இன்னமும் புகைக்குள் வாழும் பெண்கள்' என்றது.

அன்று அஸர் தொழுது எழுந்தபோது போன் அடித்தது.

"அம்மா, படம் பாத்தேன். நான் வாங்கின அடுப்பு என்னாச்சு? ஏம்மா என்கிட்ட சொல்லல?" ஆசிஃபின் குரல் உடைந்திருந்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். "சாப்டியாம்மா? கண்ணு எரியுதா? லீவு போட்டு வரட்டாம்மா?"

வரட்டா என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் வீடெல்லாம் கூட்டினாள், அவன் படுக்கிற கட்டிலைத் தட்டிப் போட்டாள். ஆனால் தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் கை மேலே எழவில்லை. பொய் அவள் சொல்லவில்லைதான். சொல்லாமல் விட்டதும் அல்லாஹ்வுக்குத் தெரியாதா?

அடுத்த முறை அவன் கூப்பிட்டதும் சொல்லிவிட்டாள். "அடுப்பு நல்லா இருக்குப்பா. அவங்க கேட்டாங்கன்னு பாத்தியாக் கல்லுல மூட்டினேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அட, அவ்ளோதானா! பயந்தே போயிட்டேன். சரிம்மா, வேலை கெடக்கு. வெச்சிடறேன்."

அப்புறம் போன் அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ருக்சார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, இன்னிக்கும் புள்ள கூப்பிடலியா?"

"கூப்பிடுவான். பெருநாளைக்கு."

ஹாஜிரா பீ கல்லுக்கு நடுவே கிடந்த சாம்பலை அள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு கை அரிசி எடுத்தாள்.