கண்டக்டர் திராந்தேயின் விருந்தாளி

அல்பேனியத் தலைநகர் டிரானாவிலிருந்து கம்ஸாவுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் திராந்தேயின் வாய்க்கு டிரைவர் கெசிமே பயப்படுவான். மழை பொய்த்த வடக்கு மலையை விட்டு டிரானாவுக்குப் பிழைக்க வந்து, கம்ஸாவில் சோளக்கொல்லை நடுவே செங்கல் அடுக்கி வீடு கட்டியவள். இப்போது கொல்லையும் இல்லை, சோளமும் இல்லை. அங்கே பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தைச் சுற்றி அடுக்குமாடிகள்தான். சாலையை அகலமாக்க மரங்களையும் சாய்த்தாகிவிட்டது. மரத்தை வெட்டிவிட்டு வெயிலைத் திட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல!

அந்தக் கோடையில்தான் பெரியவர் ராப்போ பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். ஏறுவார், ஜன்னலோரம் உட்காருவார், இறங்கவே மாட்டார்.

"என்ன பெரியவரே, சீட்டுல வேர் விட்டுட்டீங்களா?"

"வீட்டுல இருக்க முடியலம்மா. கடைசி நிறுத்தத்துக்கு எதிர்லயே ஒன்பதாவது மாடி, மேல மொட்டை மாடி, அடுப்பு மாதிரி கொதிக்குது. பையன் ஜெர்மனியிலேருந்து காசு அனுப்பி ஏசி போட்டான். மத்தியானம் எல்லாரும் ஒண்ணாப் போட்டா கரண்ட்டே போயிடுது. உன் பஸ்ஸுலதான் குளுகுளுன்னு இருக்கு."

ஒவ்வொரு நடைக்கும் அவர் புதிதாக டிக்கெட் வாங்கினார். திராந்தேக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவர் கையைத் தள்ளி, "காசை வெச்சுக்கோங்க, உங்ககிட்ட யாரு கேட்டா?" என்றாள். அவள் மெதுவாகப் பேசினாலே பஸ் முழுக்கக் கேட்கும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பிச்சைக்காரன் இல்ல" என்று அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். உச்சி வெயில்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெயில் மட்டும் தவறாமல் வந்தது. திராந்தேக்குச் சோறு இறங்கவில்லை.

"கிழவர் உள்ளேயே சுருண்டு கிடந்தா யாருக்குடா தெரியும்?"

"நீயே துரத்திட்டு நீயே பொலம்பு" என்றான் கெசிம்.

கடைசி நிறுத்தத்தில் அவன் காப்பி குடிக்கப் போனதும் அவள் எதிரே பெரியவர் குடியிருந்த கட்டடத்துக்கு ஓடினாள். லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பது மாடியும் மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தட்டினாள். தலையில் ஈரத் துண்டோடு, உதடு வெடித்து, சுவரைப் பிடித்தபடி ராப்போ நின்றார். உயிரோடு பார்த்ததில் அவளுக்கு அழுகை முட்டியது.

"எதுக்கு வந்த?"

"விருந்தாளிய வாசல்லயே நிக்க வைக்கிறதுதான் உங்க பக்கத்து வழக்கமா?"

இதைக் கேட்டுவிட்டு எந்த அல்பேனியன் சும்மா இருப்பான்? பதறிப்போய் உள்ளே அழைத்து, காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தப் புழுக்கத்தில் அதை மண்டிவரை குடித்துவிட்டு, திராந்தே பணப்பையைத் திறந்தாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"வீட்டுக்கு வந்தவகிட்ட காசு வாங்குவேனா? என்னை என்னன்னு நெனச்ச?"

"அப்ப என் வீட்டுக்கு வந்து நீங்க மட்டும் காசு நீட்டலாமா? விடிஞ்சா அடைஞ்சா நான் அந்த பஸ்ஸுலதான் குடியிருக்கேன். அதுதான் என் வீடு. கீழ நிக்குது, வாங்க."

ராப்போ உள்ளே போய், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் எடுத்து வந்தார்.

பஸ் வாசலில் நின்றவர் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். கெசிம் ஏதோ சொல்ல வாயெடுத்து, திராந்தேயின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"பரவால்ல, ஷூவோடயே வாங்க" என்றாள் அவள்.

"அது எப்படிம்மா" என்றவர், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு படியேறினார்.